இறைச்சி மாட்டுப் பண்ணையில் கன்றுகளைக் காப்பாற்றி வளர்ப்பது எப்படி

இறைச்சி மாடு வளர்ப்பில் நிலைத்தன்மை என்று பேச ஆரம்பித்தாலே மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கை, மண்ணில் கார்பன் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அதெல்லாம் இருக்கட்டும், முதலில் ஒரு கணக்கு போடுங்கள். போன பருவத்தில் காளையோடு விட்ட பசுக்கள் எத்தனை, அவற்றிலிருந்து பால் மறக்கும் வயது வரை உயிரோடு வந்த கன்றுகள் எத்தனை? கறவை மாடு தினமும் பால் தருகிறது. இறைச்சிக்கான மந்தையில் ஒரு பசு வருஷம் முழுக்கத் தின்று நமக்குத் தருவது ஒரே ஒரு கன்று. 500 கிலோ பசு தினமும் தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர்பொருள் (ஈரத்தைக் கழித்த தீவன எடை) தின்னும், அதாவது 10-12 கிலோ, வருஷத்துக்கு ஏறக்குறைய 4 டன். நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேனையும் ஏப்பமாக வெளியே விடும். கன்று பத்தாம் நாள் கழிச்சலில் செத்துப்போனாலும் பசு தின்றது தின்றதுதான், விட்ட வாயு விட்டதுதான். அதனால் பிறந்த கன்றைச் சாகவிடாமல் வளர்ப்பதுதான் இந்தப் பண்ணையில் செய்யக்கூடிய முதல் சுற்றுச்சூழல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதில் மருந்தைவிட, எந்த வேலையை எப்போது, எந்த இடத்தில் செய்கிறோம் என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

கன்று பிறப்பதற்கு முன்பே தொடங்க வேண்டியவை

கருவின் எடையில் ஏறக்குறைய முக்கால்வாசி, சினையின் கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் ஏறுகிறது. சீம்பாலும் அந்தக் கடைசி வாரங்களில்தான் மடியில் சேர்கிறது. அந்த நேரத்தில் பசு மெலிந்து கிடந்தால் கன்று எழுந்து நிற்கவே திணறும், சீம்பாலின் அளவும் தரமும் குறையும், பசு மறுபடி பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகும். உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையில், ஈனும் நேரத்தில் பசுக்கள் 5-லும் தலையீத்துக் கிடேரிகள் 6-லும் இருப்பது நல்லது. பார்ப்பது சுலபம்தான்: விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, ஆனால் கையால் அழுத்தினால் தட்டுப்பட வேண்டும், முதுகெலும்பு கூர் கூராகத் துருத்தி நிற்கக்கூடாது. இதை ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் கடைசி மாதத்தில் மெலிந்த மாட்டைத் தேற்றுவது ரொம்பக் கஷ்டம். மெலிந்தவற்றையும் கிடேரிகளையும் தனியே பிரித்துத் தீவனம் போடுங்கள், கூட்டத்தில் விட்டால் பெரிய பசுக்கள் முட்டித் தள்ளிவிட்டுத் தின்றுவிடும்.

"தீவனத்தைக் குறைத்தால் கன்று சின்னதாக இருக்கும், சுலபமாகப் பிறக்கும்" என்று சிலர் சினைமாட்டைப் பட்டினி போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கிடைப்பது முக்கத் தெம்பில்லாத தாயும் சோர்ந்த கன்றும்தான். பிரசவம் சுலபமாக வேண்டுமென்றால் அதற்கு வழி காளைத் தேர்வு. கிடேரிகளுக்கு, பிறப்பு எடை குறைவான, சுலபப் பிரசவத்துக்குப் பெயர் வாங்கிய பரம்பரையில் வந்த காளையைப் போடுங்கள். கிடேரி வளர்ந்த மாட்டின் எடையில் 60-65 சதவீதத்தை எட்டிய பிறகே இனச்சேர்க்கை செய்யுங்கள், ஈனும்போது அது 85 சதவீதத்தை நெருங்கியிருக்க வேண்டும்.

தாது உப்பை வருஷம் முழுக்க வையுங்கள். செலினியமும் வைட்டமின் ஈயும் குறைந்த இடங்களில் கன்றின் தசை வெளுத்துப்போகும் நோய் வரும், அயோடின் குறைந்தால் கன்று கழுத்து வீங்கிப் பிறக்கும், பச்சைப்புல் இல்லாமல் மாதக்கணக்கில் பழைய காய்ந்த புல்லையே தின்றால் வைட்டமின் ஏ குறையும். ஆனால் செலினியம் அதிகமானால் விஷம், அளவை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கன்றுக்குக் கழிச்சலை உண்டாக்கும் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், ஈ. கோலை பாக்டீரியா ஆகியவற்றுக்கான தடுப்பூசியைச் சினைப்பசுவுக்கு, ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பு போடுவது உண்டு. இந்த ஊசியின் பலன் சீம்பால் வழியாக மட்டுமே கன்றுக்குப் போகும். கன்று சீம்பால் குடிக்கவில்லை என்றால் ஊசி போட்டதும் வீண்.

இன்னொன்று, காளையை வருஷம் முழுக்க மந்தையோடு விட்டுவைக்காதீர்கள். 60-65 நாள் போதும். பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவதால் அதற்குள் மூன்று வாய்ப்பு கிடைத்துவிடும். கன்றுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதில் இருக்கும். அது ஏன் முக்கியம் என்பது அடுத்ததில் புரியும்.

ஈனும் இடத்தை நகர்த்துங்கள்

கழிச்சல் கிருமிகள் எங்கிருந்தோ வருவதில்லை. ஆரோக்கியமான பெரிய பசுவே சாணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். முதலில் பிறந்த கன்று அதைக் கொஞ்சம் நக்கிக்கொள்கிறது, அதன் குடலில் அது பலமடங்கு பெருகிச் சாணத்தில் வெளிவருகிறது, அடுத்து பிறந்த கன்றுக்கு அதைவிட அதிகமான அளவு போய்ச் சேர்கிறது. இப்படியே போய்ப் பருவத்தின் கடைசியில் பிறக்கும் கன்றுகள் பிறந்தவுடனே கிருமிக் குவியலில் விழுகின்றன. ஆரம்பத்தில் ஒன்றுமில்லை, மூன்றாவது நான்காவது வாரத்திலிருந்து வரிசையாகக் கழிச்சல் என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதை உடைக்க அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு முறையை உருவாக்கினார்கள், அங்கிருக்கும் மணல்குன்றுப் பகுதியின் பெயரால் அதை சாண்ட்ஹில்ஸ் முறை என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்து கன்றுக் கழிச்சலுக்கு இதைவிட நல்ல "மருந்து" இல்லை, செலவும் வேலிக்கு மட்டும்தான். சினைப்பசுக்கள் எல்லாம் முதல் வயலில் இருக்கின்றன, ஈனத் தொடங்குகின்றன. ஒரு வாரம் ஆனதும் ஈன்றவற்றைக் கன்றோடு அங்கேயே விட்டுவிட்டு, இன்னும் ஈனாத பசுக்களை மட்டும் இரண்டாவது வயலுக்கு ஓட்டுங்கள். அடுத்த வாரம் மறுபடி ஈனாதவை மூன்றாவது வயலுக்கு. கவனியுங்கள், நகர்வது ஈனாத பசுக்கள்தான், அதனால் பச்சைக்கன்றை ஓட்டிக்கொண்டு அலையும் வேலை இல்லை. ஒவ்வொரு வயலிலும் கன்றுகளுக்குள் ஒரு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசம் இருக்காது, புதுக்கன்று எப்போதும் சுத்தமான நிலத்தில் விழும். கடைசிக் கன்றுக்கு நான்கு வாரம் ஆன பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒன்றாக அத்தனை வயல் இல்லையே என்றால், இரண்டோ மூன்றோ தடுப்பு வைத்து, முந்தி ஈன்றவற்றையும் பிந்தி ஈன்றவற்றையும் பிரித்தாலே நல்ல பலன் இருக்கும். அதுவும் முடியாத சின்னப் பண்ணையில், தீவனம் போடும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள், மாடுகள் மாதக்கணக்கில் அடைந்து கிடந்து சாணம் சேர்ந்த இடத்தில் ஈனவிடாதீர்கள். மழை குளிரில் கொட்டிலுக்குள் கொண்டுவந்தால் கன்று காய்ந்து பால் குடித்ததும், ஒரு நாளுக்குள் வெளியே அனுப்பிவிட்டுப் படுக்கையை மாற்றுங்கள். படுக்கை சரியாக இருக்கிறதா என்று தெரிய அதில் அரை நிமிஷம் முழங்காலிட்டுப் பாருங்கள், உங்கள் முழங்கால் நனைந்தால் கன்றின் வயிறும் நனைந்துதான் கிடக்கிறது. கன்று செத்த பசுவுக்கு ஒட்டவைக்க என்று வெளியிலிருந்து கன்று வாங்கி வருவது ரொம்ப ஆபத்து, மந்தைக்கே தெரியாத கிருமியை அது கூட்டிக்கொண்டு வரும்.

ஈனும் நேரம்

தீவனத்தை மாலை இருட்டும் நேரத்தில் போட்டால் பகலில் ஈனும் பசுக்களின் எண்ணிக்கை கூடும். கனடாவில் கஸ் கோனஃபல் என்ற பண்ணையாளர் 1970-களில் பிரபலமாக்கிய முறை இது. கடைசிச் சினை மாதத்திலேயே இந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவிடுங்கள். பகலில் ஈன்றால் கண்ணில் படும், கஷ்டப்பட்டால் கை கொடுக்க முடியும்.

பனிக்குடம் தெரிந்த பிறகு பசுவுக்கு அரை மணி நேரம், கிடேரிக்கு ஒரு மணி நேரம் பாருங்கள். முன்னேற்றமே இல்லையென்றால் காத்திருக்காமல் சோதிக்க வேண்டும், அல்லது மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இரண்டு முன்னங்குளம்பும் நடுவில் மூக்கும் வந்தால் சரியான நிலை. ஒரு கால் மட்டும், வால் மட்டும், குளம்பு இருந்து தலை இல்லை என்றால் இழுக்கவே கூடாது, முதலில் நிலையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு பேர் பலத்துக்கு மேல் இழுக்கத் தேவைப்பட்டால் கன்று அந்த வழியாக வராது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடுவது பழைய பழக்கம், அதனால் குடலின் பாரம் நுரையீரலை அழுத்தி மூச்சைத்தான் கெடுக்கும். நெஞ்சு தரையில் படும்படி, கால்களை இரண்டு பக்கமும் மடக்கி உட்கார வையுங்கள், வைக்கோல் தண்டால் மூக்குக்குள் குறுகுறுக்கச் செய்யுங்கள், துணியால் உடம்பை அழுத்தித் தேயுங்கள்.

தொப்புள்கொடியை 7 சதவீத டிஞ்சர் அயோடினில் முக்குங்கள். ஆனால் ஈனும் இடம் சேறாக இருந்தால் அயோடின் மட்டும் காப்பாற்றிவிடாது. தொப்புள் வழியாகப் போகும் கிருமி பின்னால் மூட்டுகளில் போய் உட்கார்ந்து கன்றை நொண்டியாக்கிவிடும்.

சீம்பால், இதில் சமரசமே கூடாது

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே கிடைத்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாது. அதனால் கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது, கிடைப்பதெல்லாம் சீம்பாலில்தான். அதிலும், குடல் அந்தப் பெரிய புரதங்களை அப்படியே உறிஞ்சும் திறன் பிறந்ததிலிருந்து மணிக்கு மணி குறைந்துகொண்டே வந்து ஏறக்குறைய 24 மணி நேரத்தில் மூடிவிடும். முதல் நான்கு மணி நேரம் தங்கம். நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நாளைக் காலையில் கொடுப்பது வெறும் பால்தான்.

கன்று இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து காம்பைப் பிடித்திருக்க வேண்டும். குடித்ததா என்று ஊகிக்காதீர்கள், போய்ப் பாருங்கள்: காம்பு ஈரமாகப் பளபளப்பாக இருக்கிறதா, மடியின் ஒரு பகுதி வற்றியிருக்கிறதா, கன்றின் வயிறு நிறைந்திருக்கிறதா? கஷ்டப்பட்டுப் பிறந்த கன்று, இரட்டைக்கன்று, தலையீத்தில் பிறந்தது, காம்பு பெருத்துத் தொங்கும் பசுவின் கன்று, இவை நான்கும் குடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். இவற்றைப் பார்க்காமல் விடவே கூடாது.

குடிக்கவில்லையென்றால் தாயைக் கட்டி, பீய்ச்சி, புட்டியில் கொடுங்கள். 40 கிலோ கன்றுக்கு முதல் நான்கு மணி நேரத்துக்குள் 2 லிட்டர், 12 மணி நேரத்துக்குள் மறுபடி 2 லிட்டர். உறிஞ்சவே தெம்பில்லாத கன்றுக்குக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடலாம். இதை ஒருமுறை மருத்துவரிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள், குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் கன்று அங்கேயே போய்விடும். கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு குழாய் தட்டுப்பட வேண்டும், ஒன்று மூச்சுக்குழல், இன்னொன்று நீங்கள் விட்டது.

சீம்பாலின் தரத்தை பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் சின்னக் கருவியில் ஒரு துளி விட்டுப் பார்த்துவிடலாம். 22 அல்லது அதற்கு மேல் காட்டினால் நல்லது. நல்ல சீம்பால் மிச்சமிருந்தால் ஒரு லிட்டர் பைகளில் தட்டையாக ஃப்ரீசரில் வையுங்கள், மைனஸ் 20 டிகிரியில் ஒரு வருஷம் வரை இருக்கும். உருக்கும்போது 50 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் பையை மிதக்கவிடுங்கள். கொதிநீரோ மைக்ரோவேவோ எதிர்ப்புப் புரதங்களைக் கெடுத்துவிடும். உங்கள் மந்தைச் சீம்பாலையே சேமியுங்கள், வேறு பண்ணையிலிருந்து வாங்கினால் ஜோன்ஸ் நோய் (மாட்டை மெலியவைக்கும் தீராத குடல் நோய்) போன்றவையும் சேர்ந்து வரும்.

குளிர்ந்துபோன கன்று குடிக்காது. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் தெர்மாமீட்டர் வையுங்கள். கன்றின் இயல்பான வெப்பம் 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ். 37.8-க்குக் கீழே போனால் துவட்டிக் கதகதப்பான இடத்துக்குக் கொண்டுபோய்ச் சூடான சீம்பால் கொடுங்கள், 35-க்குக் கீழே போனால் 38-40 டிகிரி வெந்நீரில் தலையைத் தாங்கிப் பிடித்தபடி உட்காரவைத்து, பிறகு முழுக்கக் காயும்வரை தேய்க்க வேண்டும். வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறாகப் பிறந்த இடத்தில் நிழல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கழிச்சல் வந்துவிட்டால்

வயது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். முதல் நான்கைந்து நாளில் வந்தால் ஈ. கோலை, அதிலிருந்து மூன்று வாரம் வரை பெரும்பாலும் ரோட்டா, கொரோனா, கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, மூன்று வாரத்துக்கு மேல் ரத்தம் கலந்து முக்கி முக்கிப் போனால் ரத்தக்கழிச்சல். எந்தக் கிருமியாக இருந்தாலும் கன்றைக் கொல்வது நீரும் உப்பும் போய் ரத்தம் அமிலமாவதுதான். அதனால் முதல் சிகிச்சை எலக்ட்ரோலைட் கரைசல் (இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் கரைசல்), ஒரு வேளைக்கு 2 லிட்டர், நாளைக்கு இரண்டு மூன்று முறை. பாலை நிறுத்தாதீர்கள். "பால் கொடுத்தால் கழிச்சல் கூடும்" என்று நிறுத்தி, கன்றைப் பட்டினியில் சாகவிட்டவர்கள் நிறைய. பைகார்பனேட் கலந்த கரைசலாக இருந்தால், கன்றின் வயிற்றில் பால் திரிந்து செரிப்பதைத் தடுக்கும், எனவே பாலுக்கும் அதற்கும் நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். கண் உள்ளே போய்க் குழிக்கும் கண்ணுக்கும் இடைவெளி தெரிந்தால் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீர் போயிருக்கும், 40 கிலோ கன்றில் அது 3 லிட்டருக்கு மேல். விரலை வாயில் விட்டால் உறிஞ்சவில்லை, எழ முடியவில்லை என்றால் வாய்வழிக் கரைசல் போதாது, ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும், மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். ஆன்டிபயாடிக் வைரஸையும் கிரிப்டோவையும் ஒன்றும் செய்யாது. காய்ச்சல், ரத்தம், கடும் சோர்வு இருந்தால் அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நோய்க்கன்றையும் அதன் தாயையும் தனியே பிரியுங்கள், காலையில் சின்ன ஆரோக்கியக் கன்றுகளிடம் முதலில் போங்கள், நோய்க்கன்றிடம் கடைசியில். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், கிரிப்டோவும் சால்மோனெல்லாவும் மனிதருக்கும், முக்கியமாக வீட்டுக் குழந்தைகளுக்கும், ஒட்டும்.

அப்புறம், பால் மறக்கும் வரை

காயடிப்பதையும் கொம்புக்குருத்தைச் சுடுவதையும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். கொம்புக்குருத்து இரண்டு மாத வயதில் மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கு முன்பு செய்தால் காயம் சின்னது. மரத்துப்போகும் ஊசியும் மெலாக்ஸிகாம் போன்ற வலிநிவாரணியும் கேட்டு வாங்குங்கள், வலி இல்லாத கன்று தின்பதை நிறுத்தாது. கொம்பில்லாத பரம்பரைக் காளையைப் போட்டால் இந்த வேலையே குறைந்துவிடும். தசை வீங்கித் திடீரென்று கொல்லும் சப்பை நோய்க்கான தடுப்பூசியை இரண்டு மூன்று மாத வயதில் போட்டு, மறு ஊசியைத் தவறவிடாதீர்கள்.

பால் மறக்கடிப்பதுதான் கன்றின் வாழ்க்கையில் அடுத்த பெரிய அதிர்ச்சி. தாயைப் பிரித்து அதே நாளில் வண்டியில் ஏற்றி, ஊசி போட்டு, புதுத் தீவனம் வைத்தால் நிமோனியாவை நாமே அழைத்து உட்காரவைத்த மாதிரிதான். தாயும் கன்றும் வேலியின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரு வாரம் இருக்கட்டும், அல்லது மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் தகட்டை ஐந்தாறு நாள் மாட்டி, பால் குடிக்க முடியாமல் தாயோடு இருக்கவிட்டு, பிறகு பிரியுங்கள். கத்துவதும் அலைவதும் வெகுவாகக் குறையும். தொட்டியில் தின்னவும் குடிக்கவும் முன்பே பழக்குங்கள், விற்கும் எண்ணம் இருந்தால் பால் மறந்து 45 நாளாவது உங்களிடமே இருக்கட்டும். காது தொங்கியபடி கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் கன்று, வேகமான மூச்சு, 40 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே சிகிச்சை தொடங்க வேண்டும். ஆன்டிபயாடிக் போட்டால் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள், இறைச்சிக்கு அனுப்பும் முன் காத்திருக்க வேண்டிய நாட்களை எழுதிவையுங்கள்.

புல்லும் புழுவும்

குடற்புழுவின் இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஒட்ட ஒட்ட மேயவிட்டால் கன்று அவற்றைத்தான் அள்ளிச் சாப்பிடும், புல்லும் வேர் செத்து மறுபடி தழைக்காது. புல்லை 10 சென்டிமீட்டர் மிச்சம் வைத்து அடுத்த தடுப்புக்கு மாற்றினால் கன்றுக்கும் மண்ணுக்கும் சேர்த்து நல்லது செய்ததாகும். மேயவிடாமல் ஓய்வு கொடுத்த தடுப்பில் முதலில் கன்றுகளை விடுங்கள், பிறகு பெரியவற்றை.

மந்தை முழுவதற்கும் மாதம் பார்த்துப் புழுமருந்து கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய பசுக்களுக்கு இயல்பான எதிர்ப்பு உண்டு. சாணத்தில் முட்டை எண்ணிப் பார்த்துத் தேவையான கன்றுகளுக்கு மட்டும் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகாது. ஐவர்மெக்டின் போட்ட மாட்டின் சாணத்தில் மருந்து மிச்சமிருந்து சாணவண்டின் குஞ்சுகளைக் கொல்லும். அந்த வண்டுகள்தான் சாணத்தை மண்ணுக்குள் இழுத்துப்போய் உரமாக்கி, ஈ பெருகாமலும் தடுக்கின்றன, அவை நம் கூலியில்லா ஆட்கள். ஓடையிலும் குளத்திலும் மாடுகள் இறங்கவிடாமல் தொட்டியில் தண்ணீர் வையுங்கள், தண்ணீர் கெடாது, சேற்றில் நின்ற மடியைக் கன்று சப்பவும் வேண்டியிருக்காது.

செத்த கன்றையும் பதிவேட்டையும் என்ன செய்வது

கன்று செத்தால் புதைப்பதற்கு முன், முடிந்தால் சில மணி நேரத்துக்குள், பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காரணம் தெரியாத சாவு அடுத்த வாரமும் வரும். பிறகு உங்கள் பகுதி விதிமுறை அனுமதித்தால், மரத்தூள் அல்லது மரச்சில்லு இரண்டடி அடியில் போட்டு மேலேயும் இரண்டடி மூடி மட்கவைக்கலாம், சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறிக் கிருமிகளில் பெரும்பாலானவை அழியும், நாய் நரி தோண்டாதபடி வேலி போட்டுவிடுங்கள்.

பதிவேட்டில் நான்கே விஷயம் போதும்: பிறந்த தேதி, பிறக்கும்போது உதவி தேவைப்பட்டதா, நோய் வந்தால் எத்தனையாவது நாள், செத்தால் எத்தனையாவது நாள். 50 பசுக்களைக் காளையோடு விட்டு, 46 சினையாகி, 44 உயிரோடு பிறந்து, 41 பால் மறந்தால் உங்கள் கணக்கு 82 சதவீதம். இப்போது எங்கே ஓட்டை என்று பாருங்கள். சினையாகாதவை அதிகம் என்றால் பசுவின் உடல்நிலையும் காளையின் தகுதியும், முதல் நாளிலேயே சாவு என்றால் பிரசவக் கண்காணிப்பு, இரண்டாவது மூன்றாவது வாரம் என்றால் ஈனும் இடமும் சீம்பாலும், இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் நிமோனியாவும் தடுப்பூசியும். அடுத்த பருவத்தில் இந்த நான்கில் எது பெரிய ஓட்டையோ அதை மட்டும் முதலில் அடையுங்கள், எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் மாற்றப் போனால் எது பலன் தந்தது என்றே தெரியாது.